பட்டாளமும் டாக்டர் சீட்டும்

ஊரே சால்ட் லேக் என்று கூப்பிட்டாலும், சர்க்கார் காகிதத்தில் எங்கள் பேட்டைக்குப் பெயர் பிதான் நகர். 1948 முதல் 1962 வரை மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராயின் பெயர். ஜூலை 1 டாக்டர்கள் தினம் என்கிறோமே, அது அவர் பிறந்த நாள்தான். நம் நாட்டில் பட்டாளத்துக்கும் டாக்டர் சீட்டுக்கும் உள்ள உறவிலும் இவருக்கு ஒரு பங்கு உண்டு.

முதலில் நம்மூர்க் கதை. 1835ல் சென்னையில் ஒரு மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பித்தார்கள். எதற்கு? பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு உதவியாளர்களைத் தயார் செய்ய! 1850ல் அது காலேஜ் ஆனது. இன்றைய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் அதுதான். ஆக, அந்தக் காலத்தில் மருத்துவப் படிப்புக்கு வாசலே பட்டாளம்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், பி.சி.ராய் கமிட்டியின் சிபாரிசுப்படி 1948 மே 1ல் புனேயில் ராணுவ மருத்துவக் கல்லூரி வந்தது. முதலில் ஏற்கெனவே படையில் இருந்த டாக்டர்களுக்குத்தான் அங்கே பயிற்சி. எம்.பி.பி.எஸ். பிரிவு 1962 ஆகஸ்ட் 4ல்தான் தொடங்கியது. ராய் அதற்கு ஒரு மாதம் முன்பே, தன் பிறந்த நாளன்றே காலமாகிவிட்டார். இங்கே கணக்கு தலைகீழ்: முதலில் சீட், படித்து முடித்தபின் சேவை.

சரி, முதலில் சேவை செய்தவருக்கு என்ன? அமெரிக்காவில் 1944ல் கொண்டுவந்த சட்டப்படி, போரிலிருந்து திரும்பிய சிப்பாய் சர்க்கார் செலவில் தானே காலேஜ் போகலாம். நம் நாட்டில் சலுகை பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் போகிறது.

எங்கள் பிராஞ்சில் ஒரு தமிழர். பதினேழு வருஷம் ஜவானாக இருந்துவிட்டு பேங்க் வேலைக்கு வந்தவர். பெண் இங்கே ப்ளஸ் டூ. டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டினால் ஊரில் சீட் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். இருவரும் உட்கார்ந்து விதிகளைப் படித்தோம்.

தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் உண்டு. ஆனால் வெளிமாநிலத்தில் படித்த பிள்ளை என்றால் நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் வேண்டும். இன்னொரு வழி, கேந்திரிய சைனிக் போர்டு மூலம் வரும் மத்திய தொகுப்பு இடங்கள். நாடு முழுவதற்கும் சேர்த்தே கொஞ்சம்தான். இரண்டுக்கும் நீட்டில் தேறியாக வேண்டும்.

அந்தத் தொகுப்பில் முன்னுரிமை வரிசை இருக்கிறது. போரில் உயிர்விட்டவர் குடும்பம் முதல் படி. பிறகு போரில் ஊனமுற்றவர், பணியில் இறந்தவர், பணியில் ஊனமுற்றவர், வீரப்பதக்கம் பெற்றவர் என்று வரும். காயமும் பதக்கமும் இல்லாமல் ஓய்வு பெற்றவரின் பிள்ளை ஆறாவது படி. அதுவரை இடம் மிஞ்சினால்தான் உண்டு.

பதினேழு வருஷம் உழைத்தவருக்கு ஆறாம் இடமா என்று எனக்கே கோபம் வந்தது. அவர் பட்டியலை ஒருமுறை மேலிருந்து படித்துவிட்டுச் சொன்னார்:

"முதல் வரிசையில எம்பொண்ணு நிக்கலியே, அதுவே போதும் சார். மார்க் அவ எடுத்துக்குவா."