காவலர் தற்காப்புப் பயிற்சி (தமிழ்நாடு)

பணியிலிருக்கும் காவலர் தம் உயிரையும் உடன் வருவோரின் உயிரையும் காத்துக்கொள்ளப் பெறும் பயிற்சி. ஆயுதம் கையாளுதல், கூட்டத்தை எதிர்கொள்ளுதல், காட்டு ரோந்து, வாகனச் சோதனை, கைது செய்யும் முறை, முதலுதவி ஆகியவை இதில் அடங்கும். தமிழ்நாட்டில் இதன் ஒவ்வொரு கட்ட வளர்ச்சிக்கும் முன்னால் பெரும்பாலும் சில காவலர்களின் மரணம் இருக்கிறது.

சென்னை மாகாணக் காவல்துறை 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் அமைந்தது. தொடக்கத்தில் பயிற்சி என்பது கவாத்தும் லத்தியும்தான். 1902–03இல் பிரேசர் ஆணையம் முறையான பயிற்சிப் பள்ளிகளை வலியுறுத்தியது. வேலூர்க் கோட்டைக்குள் இயங்கிய பள்ளி பல தலைமுறைக் காவலர்களை உருவாக்கியது. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை ஒட்டிக் காவல் அதிகாரி ஹிட்ச்காக் முன்னின்று அமைத்த மலபார் சிறப்புக் காவல்படை, இன்றைய தமிழ்நாடு சிறப்புக் காவல்படைக்கு முன்னோடி.

கல்வீச்சைத் தடுக்கப் பிரம்புக் கேடயம் நெடுங்காலம் கைகொடுத்தது. எடை குறைவு, கல் விழுந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும், பின்னலின் இடுக்கு வழியே எதிரில் நிற்பவரின் அசைவும் தெரியும். எளிய பொருள்தான், ஆனால் தேர்ந்த கைவேலை. பாலிகார்பனேட் கேடயம் வந்தபின் அது படிப்படியாகப் பின்வாங்கியது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியோடு உயிரிழந்தவர்களில் காவலர்களும் இருந்தனர். கமாண்டோ பயிற்சி அதன் பிறகே விரிந்தது.

மிக விரிவாகப் பதிவாகியிருப்பது சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடிய காலம். 1992 ஆகஸ்டு 14 அன்று மீண்யம் அருகே, துப்பு என்று நம்பிச் சென்ற கர்நாடகக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டனர். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றை அடுத்த காட்டுப் பாதையில் கண்ணிவெடிகள் வெடித்து 22 பேர் இறந்தனர். தலைமையேற்றுச் சென்ற காவல் அதிகாரி கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு தப்பினார். இறந்தவர்களில் வனத்துறையினரும் துப்புச் சொன்னவர்களும் உண்டு.

இவ்விரு நிகழ்வுகளின் பாடம் வெளிப்படையானது. துப்பு கிடைத்தவுடன் கிளம்பக் கூடாது. அது யார் வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரே வண்டியில் நெருக்கியடித்துப் போகக் கூடாது. நடக்கும்போது ஆளுக்கு ஆள் இடைவெளி விட வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. பீடிப் புகையும் சோப்பு மணமும் காட்டில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கலிபோர்னியாவின் நியூஹாலில் 1970 ஏப்ரலில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களுக்குள் சுடப்பட்டு இறந்ததும், அமெரிக்காவில் வாகனச் சோதனைப் பயிற்சியும் இப்படி மரணங்கள் தந்த பாடத்தால்தான் அடியோடு மாறியது.

வால்டர் தேவாரம் தலைமையில் தொடங்கிய சிறப்பு அதிரடிப்படையின் வேட்டை, விஜயகுமார் தலைமையில் 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனின் மரணத்தோடு முடிந்தது. விஜயகுமார் 2017இல் வெளியிட்ட ஆங்கில நூல் இக்காலத்துக்கு முக்கியச் சான்று. அதிரடிப்படையின் பார்வையிலிருந்து எழுதப்பட்டது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மறுபக்கத்துச் சான்றும் இருக்கிறது. அதிரடிப்படை மீது மலைவாசிகள் கூறிய சித்திரவதைப் புகார்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 89 பேருக்கு இழப்பீடு வழங்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பணித்தது. அந்த மலைவாசிகளின் பாதுகாப்பு எந்தப் பயிற்சியிலும் இடம்பெறாமல் போனது பெருங்குறை.

வேறொரு மலைப்பகுதியான பழனி மலைத்தொடரில் 2008 ஏப்ரலில் வடகவுஞ்சிக் காட்டில் மாவோயிஸ்ட் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மோதல் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. பொதுவாக இம்மலையில் ஆபத்து வேறு வகை. பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் காட்டுயானைகள் தோட்டங்களுக்குள் இறங்கும். மூடுபனி இரவில் அங்கே செல்லும் காவலருக்குத் துப்பாக்கியைவிட, யானைத் தடமும் காற்றின் போக்கும் அறிந்த உள்ளூர்த் துணையே பெரிய காவல்.

பிந்திய மரணங்கள் ஊருக்குள் நிகழ்ந்தவை. 2012இல் திருப்பாச்சேத்தி உதவி ஆய்வாளர் ஆல்வின் சுதன் கொல்லப்பட்டார். 2017 டிசம்பரில் மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் ராஜஸ்தானில் இறந்தார். கொள்ளையர் சுட்டனர் என்று முதலில் சொல்லப்பட்டது, உடன்சென்றவரின் துப்பாக்கி தவறி வெடித்தது என்று ராஜஸ்தான் காவல்துறை பின்னர் கூறியது. 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனும், ஆகஸ்டில் வல்லநாடு அருகே நாட்டுவெடிகுண்டு வீச்சில் காவலர் சுப்பிரமணியனும், 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் துரத்திச் சென்ற நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதனும் உயிரிழந்தனர். தற்காப்புக்காக ஆயுதத்தைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அறிவுறுத்தினார். பூமிநாதன் தனியாகத் துரத்திச் சென்றார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரவு ரோந்தில் துணைக்கு ஓர் ஆள் இருப்பதும் தற்காப்புதான்.

2018இல் தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூடும் 2020 சாத்தான்குளம் காவல் மரணங்களும் சினத்தை அடக்கும் பயிற்சியின் தேவையை முன்னுக்குக் கொண்டுவந்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு காவலர் மனநலப் பயிற்சி நடத்தப்பட்டுள்ளது. உயர்நிலைப் பயிற்சி வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரிக் காவலர் உயர் பயிற்சியகத்தில் நடைபெறுகிறது. தற்காப்புரிமை குறித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளுக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் நடைமுறையில் உள்ளன.