தைமஸ் சுரப்பி

மார்பெலும்பின் பின்புறம், இருதயத்தின் மேற்பகுதியைத் தழுவினாற்போல், இரண்டு மடல்களாக அமைந்துள்ள மெல்லிய நிணநீர் உறுப்பு தைமஸ் சுரப்பியாகும். பூப்புப் பருவம்வரை வளர்ந்து, அதன்பின் சிறிது சிறிதாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடுகின்ற இவ்வுறுப்பினால் யாதொரு பிரயோசனமும் இல்லையென்றே வைத்திய சாஸ்திரிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். எண்ணியதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. சிசுக்களின் திடீர் மரணத்திற்கு இதன் பருமனே காரணமென்று கருதி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குழந்தைகளின் மார்பில் எக்ஸ் கதிர் பாய்ச்சியதன் விளைவாக, அவர்களிற் சிலருக்குப் பிற்காலத்தில் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. 1961ஆம் ஆண்டில் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளிலிருந்து இதனை அகற்றி, அவை நோயெதிர்க்கும் ஆற்றலிழந்து, அயல் எலியின் தோலையும் மறுப்பின்றி ஏற்பதைக் கண்ட பின்னரே உண்மை புலப்பட்டது.

எலும்பு மஜ்ஜையில் தோன்றி இரத்தவழியே இங்கு வந்துசேரும் இளம் அணுக்களே நோயெதிர்க்கும் டி அணுக்களாகப் பக்குவமடைகின்றன. சுரப்பியின் புறணியில், உடலின் சொந்த அடையாளப் புரதங்களை உணரவியலாதவை மடிகின்றன; உட்பகுதியில், சொந்தத் திசுக்களையே பகையெனப் பற்றுபவை பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. இக்கடும் பரீட்சையில் தேறி வெளியேறுபவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. உடலின் நோயெதிர்ப்பு சொந்தத் திசுக்களையே தாக்குவதால் விளையும் மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோய் கண்டவர்களிற் சிலருக்கு, இச்சுரப்பியை அறுத்தகற்றுதல் இன்றும் சிகிச்சையாக உள்ளது.