துவாரசமுத்திரத்தை விட்டு வந்த ராஜா

எங்க ஊர் திருவண்ணாமலையில மாசி மகத்தன்னைக்கு அண்ணாமலையார் தன்னோட அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போவார். ஆமா, சாமிக்கு அப்பா. பக்கத்துல பள்ளிகொண்டாப்பட்டுன்னு ஒரு கிராமம், அங்க கௌதம நதிக்கரையில திதி நடக்கும். அதுக்கு முன்னாடி தைப்பூசத்தன்னைக்கு அப்பா இறந்த செய்தியை சாமிக்குச் சொல்வாங்க. அன்னைக்கு சாமி மேளதாளம் இல்லாம அமைதியா கோயிலுக்குத் திரும்புவார். அந்த அப்பா பேரு வல்லாள மகாராஜா.

சின்ன வயசுல இதைப் புராணக் கதைன்னு நெனச்சேன். பெங்களூருல வேலைக்கு வந்து, ஒரு லீவு நாள்ல ஹளேபீடு போனப்பதான், அவர் நிஜமான ஆள், ஹொய்சள அரசர் மூன்றாம் வீர வல்லாளர்னு மண்டையில ஏறிச்சு. நான் எங்க ஊர்ல இருந்து கன்னட நாட்டுக்கு வந்தவன். அவர் கன்னட நாட்டுல இருந்து எங்க ஊருக்கு வந்தவர்.

1290-களின் தொடக்கத்துல பட்டத்துக்கு வர்றார். ரெண்டா பிரிஞ்சு கிடந்த ராஜ்யத்தை ஒண்ணாக்கினார். தலைநகர் துவாரசமுத்திரம், இன்னைக்கு ஹளேபீடு. 1311-ல பாண்டியர்களோட வாரிசுச் சண்டையில லாபம் பார்க்கலாம்னு தெற்கே படையோட கிளம்பியிருந்தார். அந்த நேரம் பார்த்து மாலிக் காபூர் துவாரசமுத்திரத்து வாசல்ல வந்து நிக்கிறார். வல்லாளர் ஓடி வந்து, செல்வத்தைக் கொடுத்து சமாதானம் பண்ணிக்கிட்டார். அதோட முடியலை. பாண்டிய நாட்டுக்குப் போற வழியை மாலிக் காபூருக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். மகனை டெல்லிக்கு அனுப்பினார், அந்தப் பையன் 1313-ல திரும்பி வந்தான். (சாமியே மகனா வந்ததுக்குக் காரணம் ராஜாவுக்குப் பிள்ளை இல்லைங்கிறதுதான்னு தலபுராணம் சொல்லுது. வரலாறு வேற மாதிரி சொல்லுது. ஊர்ல இதைப் பேசினா எங்க பாட்டி முறைப்பாங்க.)

1327 வாக்குல முகமது பின் துக்ளக்கோட படை திரும்பவும் வருது. தன்கிட்ட அடைக்கலம்னு வந்த துக்ளக்கின் எதிரி ஒருத்தரையே வல்லாளர் பிடிச்சுக் கொடுத்தார். அழகான கதை இல்ல இது. அவரை ஹீரோவாக்க நான் வரலை.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் அவர் பண்ணினது. துவாரசமுத்திரம்னா அவங்க வம்சத்தோட முகவரி. அந்தக் கோயில் சுவர்ல ஒவ்வொரு அங்குலமும் தாத்தா, பாட்டன் காலத்துச் சிற்பம். "நான் துவாரசமுத்திரத்து ராஜா"ன்னு அந்த இடிபாட்டுலயே உட்கார்ந்திருக்கலாம். அப்படி உட்காராம, 1328 வாக்குல திருவண்ணாமலையை இருப்பிடமாக்கிக்கிட்டார். கன்னடக் கல்வெட்டுல எங்க ஊர் உண்ணாமலைப் பட்டணம்னு வருது! வடக்கேயிருந்து வர்ற படைக்குக் கொஞ்சம் தூரம், தெற்கே மதுரை மேல கண் வைக்கக் கிட்ட. கோயில்ல இருக்கிற வல்லாள கோபுரம் அவர் பேரைத்தான் சொல்லுது. முப்பது வருஷத்துக்கும் மேல ஒரு ஊருக்கு ராஜாவா இருந்தவர், அறுபதைத் தாண்டின வயசுல இன்னொரு ஊர்க்காரரா மாறினார்.

நம்ம கதைக்கு வருவோம். என்னை டீம் லீடா ஆக்கினப்போ, "இந்த டீம்ல நல்லா கோட் எழுதுறவன் நான்தான்"ங்கிற நெனப்பை என்னால விட முடியலை. ஜூனியர்ஸ் எழுதினதை ராத்திரி உட்கார்ந்து திருத்தி எழுதிடுவேன். ஒரு நாள் ஒரு பொண்ணு கேட்டா: "அண்ணா, எப்படியும் நீங்க மாத்திடுவீங்க, நான் எதுக்கு எழுதணும்?" எனக்கு பதில் வரலை. எனக்கும் ஒரு துவாரசமுத்திரம் இருந்துச்சு, அதை விட்டு வர ஒரு வருஷம் ஆச்சு.

ஆனா வல்லாளர் எல்லாத்தையும் விட்டுடலை. 1335 வாக்குல மதுரையில தனி சுல்தான் ஆட்சி வந்துடுச்சு. 1342 வாக்குல, வல்லாளருக்கு எண்பது வயசு, திருச்சி பக்கம் கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிடுறார். இதை எழுதி வெச்சவர் இப்னு பதூதா. மதுரை சுல்தானுக்கு அவர் சகலை. கோட்டைக்குள்ள மாட்டினவங்க, "சுல்தானைக் கேட்டுச் சொல்றோம், பதினாலு நாள் கொடுங்க"ன்னாங்க. வல்லாளர் ஒத்துக்கிட்டார். சேதி மதுரைக்குப் போச்சு. சுல்தான் கியாசுதீன் படையோட வந்து இறங்கினது மதியத் தூக்க நேரத்துல. குதிரைங்க மேய்ச்சலுக்குப் போயிருந்துச்சு.

பிடிச்சவனுக்கு இவர் யாருன்னே தெரியலை, கொல்லப் போனான். பக்கத்துல இருந்த ஒரு அடிமைதான் "இவர்தான் ராஜா"ன்னு சொன்னான். சுல்தான் முதல்ல மரியாதையா நடத்தி, விட்டுடுறேன்னு சொல்லி, செல்வம், யானை, குதிரை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, அப்புறம் கொன்னுட்டார். தோலை உரிச்சு, வைக்கோல் அடைச்சு மதுரைச் சுவர்ல தொங்கவிட்டாங்க. அதைக் கண்ணால பார்த்ததா இப்னு பதூதா எழுதியிருக்கார்.

ஊரை விட்டவர், சொன்ன சொல்லைக் காப்பாத்துற ராஜாங்கிற நெனப்பை மட்டும் விடலையோன்னு எனக்குத் தோணுது. அது தப்புன்னும் என்னால சொல்ல முடியலை. அடைக்கலம் வந்தவரைப் பிடிச்சுக் கொடுத்தப்போ அந்த நெனப்பு எங்க போச்சுன்னும் கேட்கலாம். ரெண்டு நாளா இதுலதான் சுத்திட்டு இருக்கேன்.

மதுரைச் சுவர்ல கிடந்த அந்த உடம்புக்கு யார் சடங்கு பண்ணியிருப்பாங்க? எங்க ஊர் மக்கள் கன்னட ராஜாவுக்கு சாமியையே மகனாக்கி அந்தக் கடனை வருஷா வருஷம் தீர்க்கிறாங்க. பள்ளிகொண்டாப்பட்டுல அதை நேர்ல பார்த்தவங்க யாராவது இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நான் இன்னும் பார்த்ததில்ல.