கருப்பியின் காது
எங்கள் திருவல்லிக்கேணித் தெருவின் கருப்பிக்குக் காது நுனியில் ஒரு வெட்டு. கருத்தடை முடிந்த அடையாளம். மாநகராட்சி தெருநாய்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்திலேயே, 1964இல், ப்ளூ கிராஸ் இந்த வழியைத் தொடங்கிவிட்டது. மாநகராட்சி ஒத்துக்கொண்டது 1996இல். முப்பத்திரண்டு வருஷம்! (எங்க ஆபீஸ்ல ஒரு மாற்றத்துக்கு மூணு மாசம் ஆனாலே புலம்புவோம்.) 2001இல் அது நாடு முழுவதற்குமான விதி.

ஆனால் கருப்பை, சினைப்பை இரண்டையும் எடுப்பது பெரிய அறுவை. சினைப்பைத் துணுக்கு உள்ளே தங்கினால் மறுபடி பருவத்துக்கு வரும். கருப்பிக்கு நடந்தது வேறு: தெருவுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் தையல் பிரிந்து சீழ் வைத்தது. தெருநாய் புண்ணை நக்காமல் யார் காவல் இருப்பது? கீழ்வீட்டுப் பாட்டிதான் பத்து நாள் தயிர்சாதத்தில் மாத்திரை பிசைந்து வைத்தார். கருப்பி சாதத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பும்.