உள்ளே தொங்கும் நட்சத்திரம்

எங்க வீட்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாசலில் தொங்காது. நடுவீட்டு உத்தரத்தில் தொங்கும். தெருவில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாது. தொப்பம்பட்டியில் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். திண்டுக்கல்லுக்குப் படிக்கப் போன பிறகுதான் பார்த்தேன். மற்ற சாதிக் கிறிஸ்தவர் வீடுகளில் நட்சத்திரம் வாசலில் எரிந்தது. அவர்களுக்கும் ஏசுதான், எங்களுக்கும் ஏசுதான். நட்சத்திரம் மட்டும் ஏன் எங்களுக்கு உள்ளே?

அப்பத்தாவிடம் கேட்டேன். "உங்க தாத்தா காலத்துல வெளியதான் தாயி தொங்குச்சு" என்றது. தாத்தா திண்டுக்கல் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெந்துபோனவர். டிசம்பர் பிறந்தால் மூங்கில் சிம்பு சீவி, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே சிமினி விளக்கு வைத்து, கம்பு நட்டு உயரத்தில் ஏற்றுவாராம். "ஊருக்குள்ள நம்ம வீட்டுல எதுவுமே ஒசரம் கெடையாது. அது ஒன்னுதான் ஒசரம்" என்று அப்பத்தா சொன்னது.

அது கீழே இறங்கியது எழுபதுகளின் கடைசியில். அய்யாவுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுதியது ஒரு பெயர், கோயிலில் கூப்பிடுவது இன்னொரு பெயர். விசாரிக்க வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று மேலே பார்த்தாராம். "நட்சத்திரமெல்லாம் கட்டியிருக்கு?" என்றாராம். அவ்வளவுதான் கேட்டார். அந்த வருசத்தோடு நட்சத்திரம் உள்ளே போனது. ஒரு குடும்பத்தின் வழக்கம் என்று நான் நினைத்திருந்தது உண்மையில் ஒரு சட்டத்தின் நிழல்.

அந்தச் சட்டத்தின் வரலாறு வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்குகிறது. பட்டியல் சாதிகள் குறித்த 1936ஆம் வருச ஆணையே இந்தியக் கிறிஸ்தவர் எவரையும் பட்டியல் சாதியாகக் கருதக்கூடாது என்றது. சுதந்திரம் வந்தது. 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் மூடியே கிடக்கிறது. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதனால் தனித்தொகுதியில் நிற்க முடியாது. அடிபட்டால் 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, அதனால் சலுகை இல்லை என்பது அரசின் வாதம். கோயிலுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதலும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தன. இரண்டு உயிர் போனது. கோயிலில் சாதி இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சாதியை ஒழிக்கிறோம் என்று மிஷனரிகளும் ஒரு பரீட்சை வைத்தார்கள். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷனுக்குத் திண்டுக்கல் ஆரம்ப கால நிலையங்களில் ஒன்று. 1847இல் அந்த மிஷன், சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று கறாராக நின்றது. பரீட்சை என்ன தெரியுமா? சாப்பாடு. மற்ற சாதியார் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் இதையே வற்புறுத்தியது. சிலர் சாப்பிட்டார்கள். சிலர் சபையை விட்டே போனார்கள்.

இதை வரலாற்றில் படிக்கும்போது வெள்ளைக்கார அய்யரின் மன உறுதி தெரிகிறது. சாப்பிட மறுத்தவனின் மன வேதனையும் தெரிகிறது. சோறாக்கியவள் யார் என்று மட்டும் தெரியவில்லை. அந்தப் பரீட்சையில் நம் ஆட்கள் பரீட்சை எழுதியவர்கள் இல்லை, கேள்வித்தாளாக இருந்தவர்கள்.

எங்க வீட்டின் இரண்டாவது வழக்கம் அந்தக் கேள்விக்கு அப்பத்தா சொன்ன பதில். கிறிஸ்துமஸ் அன்று எங்க தெருவுக்கே ஒரே அண்டா. மாட்டுக்கறிக் குழம்பு. வேதக்காரர், இந்து என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. காளியம்மனுக்குப் பொங்கல் வைக்கும் பெரியம்மாதான் மசாலா அரைக்கும். சட்டம் இரண்டாகப் பிரித்து வைத்த சனம் அந்த ஒரு நாள் ஒரே பந்தியில் உட்காரும். முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்து ஊருக்குள் கொடுத்தனுப்பும் பழக்கம் மட்டும் அப்பத்தாவுக்குக் கிடையாது. "வாங்கி மாட்டுக்குப் போடுறவனுக்கு நான் எதுக்கு மாவு இடிக்கணும்?" என்று கேட்கும்.

மூன்றாவது வழக்கம் அய்யா கொண்டு வந்தது. பந்தியில் கை வைக்கும் முன் எழுந்து நிற்போம். "வெண்மணி" என்று ஒரு வார்த்தை சொல்வார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சனத்தில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். பாலன் பிறந்த நாளில் பாலகர்களை எரித்த நாடு இது. அதே டிசம்பர் 25இல்தான், 1927இல், மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எங்களுக்கு இந்த நாள் வெறும் கேக்கும் கேரலும் இல்லை. இரண்டு நெருப்பும் இதே தேதியில் இருக்கிறது.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. இரண்டு வருசம் கெடு என்றார்கள். கெடு நீண்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நமக்காகத் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்றது. அவர் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறார் என்பது அவருக்கு எதிரான காரணங்களில் ஒன்று. தீர்ப்பைப் படித்துக் காட்டியபோது அய்யா உத்தரத்தைத்தான் பார்த்தார்.

போன வருசம் கேட்டேன்: "இனியாவது வெளிய கட்டுவோமா?" அய்யா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு இனி பயமில்லை. ஆனால் தம்பி மகள் இப்போதுதான் பன்னிரண்டாவது படிக்கிறாள். "அவ சர்டிபிகேட் வாங்கட்டும்" என்றார். நட்சத்திரம் உள்ளேயே தொங்கியது.

தோழர்களே, அரசாணைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மிஷனரிகளின் கடிதங்கள் கடல் தாண்டிப் பத்திரமாக இருக்கின்றன. நம்ம சனம் பண்டிகை அன்று எதை மறைத்தது, எதைப் பகிர்ந்தது என்பது அப்பத்தாக்களின் வாயில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். உங்க வீட்டில் நட்சத்திரம் எங்கே தொங்கியது என்பதிலிருந்து தொடங்குங்கள்.