தங்கம் ஏன் சிவந்தது?



நம் அச்சங்குளம் பக்கத்தில் அலுமினியப் பவுடரைத் தெரியாதவர்கள் கிடையாது. வேலை முடிந்து வருகிறவர்களின் கைகள் வெள்ளி பூசியது போல மின்னும். அதே அலுமினியத்தில் செய்த குண்டானை அடுப்பில் வைத்தால் எரிவதில்லை, பவுடரானால் மட்டும் ஏன் வெடிக்கிறது? மேற்பரப்புதான் காரணம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தைப் பத்து நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், அதே பொருளின் மேற்பரப்பு சுமார் 15 சென்ட் நிலத்தின் அளவுக்கு விரியும். நம் பட்டாசுப் பவுடர் அவ்வளவு நுண்மையானதல்ல. அப்படியிருந்தும் அதைக் கலந்த மருந்து என்ன செய்யும் என்பதை 2021 பிப்ரவரி 12 அன்று நம் ஊரே பார்த்தது. அந்த வீடுகளில் இன்னும் விளக்கு மங்கித்தான் எரிகிறது.

இந்த நுண்மையை முதலில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர். தங்கத் தகட்டில் ஒளி எப்படி ஊடுருவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கழுவிய நீர் மாணிக்கச் சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் கொட்டியிருப்பார்கள். அவர் தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து அந்தச் சிவப்பை வேண்டுமென்றே உண்டாக்கினார். ஒளிக்கற்றையைச் செலுத்தியதும் அதன் பாதை நீரில் தெரிந்தது. தங்கம் கரையவில்லை, கண்ணுக்குத் தெரியாத துகளாக மிதக்கிறது என்று 1857இல் அறிவித்தார்.

அதில் கொஞ்சம் சாப்பாட்டு உப்பைப் போட்டால் சிவப்பு நீலமாகிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செய்வதைவிட ஒட்டாமல் காப்பதுதான் கடினமான வேலை. சேட்டைக்காரர்கள் இருவரைத் தனித்தனி பெஞ்சில் உட்கார வைப்பது போலத்தான்! 1951இல் டுர்கெவிச்சும் அவர் தோழர்களும், எலுமிச்சைப் புளிப்பின் உப்பான சிட்ரேட்டைக் கொதிக்கும் தங்கக் கரைசலில் சேர்த்து ஆராய்ந்தார்கள். சிட்ரேட்டே தங்கத்தைத் துகளாக்குகிறது, துகளின் மேல் படிந்து எதிர்மின்னூட்டமும் தருகிறது. ஒரே மின்னூட்டம் உள்ளவை விலகும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம், நினைவிருக்கிறதா? ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரம் துகள்களை வரிசையாக வைக்கலாம்.

இனி நம் சென்னைக்கு வருவோம். கரிசல் பருத்திக்கு எண்டோசல்பான் அடித்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவர் மாணவர்களும், அந்த மருந்தைத் தங்க, வெள்ளி நுண்துகள்கள் நீரிலிருந்து பிடித்துக்கொள்வதை 2003இல் காட்டினார்கள். 2007இல் அது வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. அந்த வடிகட்டியில் வெள்ளித் துகள்களைத் தாங்கி நிற்பது அலுமினா. அதாவது, எரிந்து முடிந்த அலுமினியம்! பட்டாசு வெடித்த பின் மிஞ்சும் வெண்சாம்பலிலும் அது இருக்கிறது.

2013இல் அதே குழு, நுண்ணுயிர்களைக் கொல்லும் அளவுக்கு மட்டும் வெள்ளியைக் கசியவிடும் மணிகளைச் செய்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர்தான் ஆகும் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

ஃபாரடே தயாரித்த சிவப்புத் தங்க நீர் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் இலண்டனில் இருப்பவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், படம் எடுத்து அனுப்புங்கள்.