வெளி உதவித்தொகையும் அமெரிக்கக் கல்லூரி நிதியுதவியும்

அமெரிக்காவில் ஒரு மாணவருக்கு அறக்கட்டளை, ரோட்டரி சங்கம், பெற்றோர் வேலைபார்க்கும் நிறுவனம் என்று கல்லூரிக்கு வெளியேயிருந்து கிடைக்கும் பணம் வெளி உதவித்தொகை எனப்படும். அது வந்ததும், தான் தர ஒப்புக்கொண்ட உதவியைக் கல்லூரி குறைத்துக்கொள்வதை உதவித்தொகை இடப்பெயர்ச்சி என்பர். பல கட்டுரைகள் எழுதி உதவித்தொகையை வென்ற பிறகும் குடும்பம் கட்டவேண்டிய தொகை ஒரு டாலர்கூடக் குறையாமல் போவது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு கழித்தல் கணக்கு. கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு ஆகியவற்றைக் கூட்டி, ஓராண்டுப் படிப்புச் செலவு இவ்வளவு என்று ஒவ்வொரு கல்லூரியும் அறிவிக்கும். குடும்பத்தின் வருமான, சொத்து விவரங்களை ஃபாஃப்சா என்னும் கூட்டரசு விண்ணப்பத்தில் நிரப்பினால் ‘மாணவர் உதவிக் குறியீடு’ என்ற எண் கிடைக்கும். 2024-25 முதல் நடைமுறையில் உள்ள இந்த எண்ணைச் செலவிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே மாணவரின் ‘தேவை’. தேவையைப் பார்த்துத் தரப்படும் கூட்டரசு உதவியும் பிற உதவிகளும் சேர்ந்து இந்தத் தொகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஏதாவது ஒன்றைக் கல்லூரி வெட்டியாக வேண்டும். எதை வெட்டுவது என்பது பெரும்பாலும் கல்லூரியின் கையில் இருக்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். படிப்புச் செலவு 60,000 டாலர், குறியீடு 10,000, தேவை 50,000. கல்லூரி 44,000 மானியமும் 3,500 வட்டிச் சலுகைக் கடனும் 2,500 ஊதியம் தரும் வளாக வேலையும் தந்து தேவையை முழுவதும் நிரப்புகிறது. இப்போது 5,000 டாலர் வெளி உதவித்தொகை வருகிறது. கடன் முழுவதையும் வேலையில் 1,500 டாலரையும் கல்லூரி நீக்கினால் மாணவர் அந்த ஆண்டைக் கடனின்றி முடிப்பார், வேலை நேரமும் குறையும். அதுவே மானியத்தில் 5,000 டாலரை வெட்டினால் கடன் அப்படியே நிற்கும். லாபம் கல்லூரிக்கு மட்டுமே. இரண்டும் கூட்டரசுச் சட்டப்படி சரி என்பதுதான் வேடிக்கை. கல்லூரி தேவையை முழுவதும் நிரப்பாமல் 6,000 டாலர் இடைவெளி விட்டிருந்தால், வெளிப்பணம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்; எதையும் வெட்டவேண்டியதில்லை. ஆக, தாராளமாக உதவும் கல்லூரியில்தான் இடப்பெயர்ச்சி அதிகம் உறுத்துகிறது.

இதைத் தடுக்க முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் மேரிலாந்து. 2017-இல் வந்த அச்சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வாஷிங்டன் ஆகியவை பின்தொடர்ந்தன. கலிஃபோர்னியா 2022-இல் இயற்றிய சட்டம் தனியார் கல்லூரிகளையும் உள்ளடக்கியது. ஆனால் வருமானம் குறைந்த மாணவர்களுக்கே அது பாதுகாப்பு.

வெளி உதவித்தொகைத் திட்டங்களும் இருவகை. 2005-இல் அறிவிக்கப்பட்ட கலாமசூ பிராமிஸ் என்னும் திட்டம் மற்ற மானியங்களுக்கு முன்பாகவே கட்டணத்தில் சேர்வது. டென்னசி பிராமிஸ் என்னும் திட்டம், மற்ற மானியங்கள் போக மிஞ்சும் கட்டணத்தை மட்டும் கடைசியில் நிரப்புவது.

வறிய மாணவர்களுக்கான கூட்டரசின் பெல் மானியம் வெளி உதவித்தொகையால் குறைவதில்லை. ஆனால் 2025-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, கூட்டரசு சாராத மானியங்களே படிப்புச் செலவு முழுவதையும் ஈடுகட்டினால், 2026 ஜூலை 1 முதல் பெல் மானியம் கிடையாது.

வெளியே கிடைத்த தொகையை மறைப்பதில் பயனில்லை. காசோலை பல நேரம் கல்லூரிக்கே போகிறது. தாமதமாகத் தெரியவந்தால் ஏற்கெனவே வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்ட நேரலாம். அதைவிட, கடனை முதலில் குறைக்கும்படி நிதியுதவி அலுவலகத்திடம் கேட்கலாம். கணினி வாங்கிய செலவைப் படிப்புச் செலவில் சேர்க்கச் சொல்லலாம். தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருமாறு கொடையாளரிடம் வேண்டலாம்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர் விசாவில் செல்வோருக்குக் கூட்டரசு உதவி இல்லாததால் கூட்டரசின் உச்சவரம்பும் அவர்களைத் தொடாது. கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் மானியத்துக்கு வைத்திருக்கும் விதி தொடும். சேருமுன் அந்த விதியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.